ஊராட்சிக்கு வந்த ஒளியிழை: பொறுப்பு யாருடையது?

நம் சிற்றூர்கள் பலவற்றில் ஊராட்சி அலுவலகத்தை ஒட்டி ஒரு சிறு கட்டடம் இருந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுதான் ஊராட்சி வானொலி இருந்த இடம். மாலையானால் ஒலிபெருக்கி வழியே செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் தெருவெங்கும் கேட்கும். பின்னர் ஒரு நாள் பெட்டி பழுதாயிற்று. பழுது பார்க்க ஆள் வரும் என்று காத்திருந்தார்கள். காத்திருந்ததையே நாளடைவில் மறந்தும் போனார்கள்.

இப்பொழுது அதே ஊராட்சி அலுவலகங்களுக்கு இன்னொரு பெட்டி வருகிறது. ஒளியிழையின் முனையில் பொருத்தப்படும் அதிவேக இணையப் பெட்டி அது. வானொலிப் பெட்டிக்கு நேர்ந்த கதி இதற்கும் நேருமா? நேராதிருக்க வேண்டுமானால் உள்ளாட்சி என்ன செய்ய வேண்டும்? அதிவேக இணையத்தைப் பற்றி உள்ளாட்சி கவலைப்படத்தான் வேண்டுமா? இக்கேள்விகளைச் சற்று ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாகக் கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் ஒன்றியத்தைக் கொள்வோம். விருத்தாசலத்திற்கும் சேத்தியாத்தோப்பிற்கும் இடைப்பட்ட நாட்டுப்புறம் இது. வடக்கே நெய்வேலி. அங்கு 1962 முதல் பழுப்பு நிலக்கரியால் ஆக்கப்படும் மின்சாரம் தென்னாடு முழுவதற்கும் செல்கிறது. இப்பகுதியின் ஒரு சிற்றூரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள கைபேசி ஒன்றே ஒன்று. பகலில் அது தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும், பாடக் காட்சியொன்றைப் பார்க்கவும் அவள் எங்கே போவாள்? இக்கட்டுரையில் நாம் பேசப்போவது அவளுக்காகத்தான்.

இழையின் ஆற்றல்

ஒளியிழை என்பது மிகத் தூய கண்ணாடியாலான இழை. அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டமோ ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர்தான். நடுப்பகுதியின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள கண்ணாடியின் எண்ணைவிடச் சற்று அதிகம். எனவே உள்ளே புகுந்த ஒளி வெளியேறாமல், முழு அக எதிரொளிப்பால் இழையின் வளைவுகளையும் தாண்டிச் செல்கிறது. அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர்.

1966-ஆம் ஆண்டில் சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் என்னும் இருவர், கண்ணாடியில் ஒளி மங்குவதற்குக் கண்ணாடியைவிட அதில் கலந்துள்ள மாசுகளே பெரிதும் காரணம் என்று எடுத்துக் காட்டினர். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே தொலைத்தொடர்புக்குப் போதும் என்பது அவர்கள் கணக்கு. 1970-இல் அந்த இலக்கு எட்டப்பட்டது. இன்றைய இழையில் நூற்றில் ஒரு பங்காக ஒளி குறைவதற்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும். காவோவுக்கு 2009-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இழையால் ஊருக்கு என்ன பயன்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிகாபைட் அளவுள்ள பாடக் காட்சியில் ஏறத்தாழ 8,000 மெகாபிட் உள்ளன. விநாடிக்கு ஒரு மெகாபிட் மட்டுமே கிடைத்தால் அதனைப் பெற இரண்டேகால் மணி நேரம் ஆகும். பத்து மெகாபிட் கிடைத்தால் பதின்மூன்று நிமிடம் போதும். ஓர் ஊராட்சிக்கு விநாடிக்கு 1,000 மெகாபிட், அதாவது ஒரு ஜிகாபிட் வந்தால், நூறு இடங்களுக்கு ஒரே நேரத்தில் பத்துப் பத்தாகப் பகிர்ந்து தரலாம்.

கைபேசி போதாதா?

'கைபேசி இணையம்தான் பட்டிதொட்டியெங்கும் வந்துவிட்டதே. ஊராட்சி ஏன் இதில் தலையிட வேண்டும்?' என்று சிலர் கேட்பர். இது தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. 2016-க்குப் பின் கைபேசி வழி இணையத்தின் விலை பெரிதும் வீழ்ந்தது. செய்தி, பணம் செலுத்துதல், படம் பார்த்தல் போன்றவற்றுக்குச் சிற்றூர் மக்கள் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். அந்தத் துறையில் ஊராட்சி போட்டியிடப் புகுவது வீண் வேலை.

ஆயினும் இரண்டு உண்மைகளை மறக்கலாகாது. முதலாவது, கைபேசிக் கோபுரத்தின் அலைவரிசை அனைவருக்கும் பொது. பயன்படுத்துவோர் பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கும். கோபுரத்தைவிட்டு விலக விலகக் குறிப்பலையும் நலியும். கோபுரத்தின் பின்னால் ஒளியிழை இருந்தால்தான் கோபுரமே முழு வேகத்தில் இயங்க முடியும். இரண்டாவது, கைபேசி ஒருவர் கையிலுள்ள பொருள். பள்ளி, நூலகம், ஆரம்ப சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை ஆகியவை பொது இடங்கள். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் கற்க வேண்டுமானால் ஆசிரியரின் கைபேசியைக் கொண்டு சமாளிக்க இயலாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020-21-இல், வீட்டில் கைபேசி இல்லாத பிள்ளைகளும், கைபேசி இருந்தும் 'சிக்னல்' கிடைக்காத பிள்ளைகளும் பட்டபாட்டை நாம் நேரில் கண்டோம்.

கம்பி வந்த வரலாறு

ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒளியிழை கொண்டு செல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. நாட்டின் ஏறத்தாழ 2½ இலட்சம் ஊராட்சிகளையும் இணைப்பது நோக்கம். இத்திட்டமே பின்னர் 'பாரத்நெட்' எனப் பெயர் பெற்றது. சில ஆண்டுகளிலேயே முடியவேண்டிய பணி பல முறை காலந்தாழ்ந்தது. 2017 இறுதியில்தான் முதற்கட்டத்தின் ஓர் இலட்சம் ஊராட்சிகள் நிறைவுபெற்றதாக அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இரண்டாம் கட்டப் பணியை மாநில அரசே மேற்கொண்டது. அதற்காகத் 'தான்ஃபிநெட்' என்ற நிறுவனம் 2018-இல் தொடங்கப்பட்டது. 12,525 ஊராட்சிகளுக்கும் தலா ஒரு ஜிகாபிட் வேகம் தருவது திட்டம். மதிப்பீடு ஏறத்தாழ 1,815 கோடி ரூபாய். 2020-இல் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள் பற்றிய புகார்கள் எழுந்து, ஒப்பந்தப்புள்ளி கோருதல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. களப்பணி தொடங்கியது 2022-இல்தான்.

இந்தப் பணம் யாருடையது என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 2024 வரை பொதுச் சேவைக் கடப்பாட்டு நிதி என்று வழங்கப்பட்ட மத்திய அரசு நிதியே பாரத்நெட்டுக்கு அடிப்படை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் 5 விழுக்காட்டை இந்நிதிக்குச் செலுத்துகின்றன. அந்த வருவாயோ நாம் ஒவ்வொருவரும் கட்டும் கைபேசிக் கட்டணம். ஆகவே கம்மாபுரத்துப் பக்கத்துக் கூலித் தொழிலாளியும் இந்த இழைக்குத் தம் பங்கைச் செலுத்தியவர்தாம். இழை இலவசமாக வரவில்லை. கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

குறை எங்கே உள்ளது?

ஓர் ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஊரார் யாரைக் கேட்பார்கள்? மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவரைக் கேட்பார்கள். அவர் கையில் இல்லையென்றால் ஊராட்சிச் செயலரைக் கேட்பார்கள். அப்புறம் தலைவரைக் கேட்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் குடத்தோடு சாலைக்கு வருவார்கள். தெருவிளக்கு எரியாவிட்டாலும் இதே வழிதான்.

ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் இணையப் பெட்டியின் விளக்கு அணைந்துவிட்டால் யாரைக் கேட்பது? கம்பி ஒரு நிறுவனத்தினுடையது. அதை இழுத்தவர் ஒப்பந்தக்காரர். அது தொங்கும் கம்பம் மின்வாரியத்தினுடையது. பெட்டி வைத்திருக்கும் அறையும் அதற்கு வேண்டிய மின்சாரமும் ஊராட்சியினுடையவை. இத்தனை பேர் இருந்தும், பெட்டி ஓடவேண்டும் என்று கவலைப்படும் கடமை ஊரில் ஒருவருக்கும் இல்லை. இத்திட்டத்தின் அடிப்படைக் குறை இதுவே என்பது என் கருத்து. இழை ஊராட்சி அலுவலகம்வரை வந்தது. பொறுப்பு அங்கே வரவில்லை.

தொழில்நுட்பக் குறைகளும் இருந்தன. தொடக்க காலத்தில் இழைகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக, நேர்கோட்டில் ஊர்களை இணைத்தன. வாய்க்காலைப் போல எண்ணிப் பாருங்கள். தலைமடையில் உடைப்பு ஏற்பட்டால் கடைமடை காய்ந்துபோகும். இங்கும் சாலைப் பணிக்காக ஓரிடத்தில் பள்ளம் தோண்டும்போது இழை அறுந்தால், அதற்கு அப்பாலுள்ள எல்லா ஊர்களும் இருளடையும். வளைய வடிவில் இணைத்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகச் செய்தி வந்து சேரும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்ச் செலவில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம் இவ்வளைய முறையை ஏற்றுக்கொண்டது. வீட்டு இணைப்புகளை ஊர்த் தொழில்முனைவோரிடம் ஒப்படைத்து வருவாயைப் பகிர்ந்துகொள்ளும் வழியும் அதில் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகேனும் இது உணரப்பட்டது நல்லதே.

கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. தமிழ்நாட்டில் இழையின் பெரும் பகுதி மின்கம்பங்களின் மேலே கட்டிச் செல்லப்படுகிறது. செலவு குறைவு, வேலை விரைவு என்பதால் இம்முறை கையாளப்படுகிறது. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்தன. பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. அப்படியொரு புயல் மீண்டும் வந்தால் மின்சாரமும் இணையமும் ஒன்றாக வீழும். செய்தி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் செய்தியின் வழி அடைபடும். ஆகவே கடலோர மாவட்டங்களில் முதன்மை வழித்தடத்தையேனும் நிலத்தடியில் கொண்டு செல்ல வேண்டும் என்று கோருவது ஆடம்பரமன்று.

அருகிலேயே உள்ள பாடங்கள்

சிற்றூருக்கு இணையம் என்பது நமக்குப் புதிதல்ல. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் ஊர் அறிவு மையங்களை நடத்தியது. வில்லியனூர் அவற்றின் நடு நிலையம். வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. இணையத்திலிருந்து எடுக்கப்பட்ட செய்தி, ஊர்த் தொண்டர்கள் வாயிலாகத் தமிழில் கரைக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, கடலூருக்கு வடக்கே உள்ள நல்லவாடு மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அது அறிவிக்கப்பட்டதால் மக்கள் கரையைவிட்டு விலகி உயிர் தப்பினர். அன்று ஊரைக் காத்தது இணைய வேகமன்று. செய்தி வந்ததும் எழுந்து ஒலிபெருக்கியைப் போட ஊரில் ஆள் இருந்ததே ஊரைக் காத்தது.

மாறான பாடம் மதுரை மாவட்டத்து மேலூரில் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு 2001-இல் அங்குச் சிற்றூர் இணைய நிலையங்கள் தொடங்கப்பட்டன. வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்று சிரிப்பு வரும்; அன்று அது பெரிய சாதனை. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும், கண்நோய்க்கு மருத்துவரிடம் ஆலோசனை பெறவும் மக்கள் வந்தனர். ஆனால் சில ஆண்டுகளில் பல நிலையங்கள் மூடப்பட்டன. நீடித்த பண உதவியும் தொழில்நுட்ப உதவியும் இல்லை. ஆர்வம் கொண்ட அலுவலர் மாற்றலாகிப் போனதும் அலுவலகத்தின் ஒத்துழைப்பும் தளர்ந்தது. ஒரு நல்ல அதிகாரியை மட்டுமே நம்பி நிற்கும் திட்டம், அவருடைய மாற்றல் உத்தரவோடு முடிந்துவிடும்.

அமெரிக்காவிலும் இவ்விருவகை அனுபவங்களும் உண்டு. சட்டனூகா நகரில் நகருக்குச் சொந்தமான மின்வாரியம், 2010-இல் தன் எல்லைக்குட்பட்ட அனைவருக்கும் ஒரு ஜிகாபிட் இணையம் வழங்க முன்வந்தது. மின்வழங்கலைச் சீர்செய்ய இட்ட ஒளியிழையையே அது இணையத்துக்கும் பயன்படுத்திற்று. கம்பம் ஏற ஆள், கட்டணம் வசூலிக்க அலுவலகம், புகார் கேட்க மேசை ஆகிய எல்லாம் அதனிடம் முன்பே இருந்தன. யூட்டா மாநிலத்துப் புரோவோ நகரமும் சுமார் 3.9 கோடி டாலர் செலவிட்டு இழையிட்டது. அம்மாநிலச் சட்டம் நகராட்சி நேரடியாகச் சேவை விற்பதற்குத் தடைகள் விதித்திருந்ததால், விற்பனையைத் தனியாரிடம் விட்டது. கம்பிக்கு ஒருவர், வாடிக்கையாளருக்கு ஒருவர் என்றாயிற்று. வருவாய் போதவில்லை. 2013-இல் அக்கட்டமைப்பை ஒரு டாலர் விலைக்குக் கூகிள் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, கடனை மட்டும் நகரம் தொடர்ந்து அடைத்தது. ஆகவே, 'உள்ளாட்சி நடத்தினால் வெல்லும்' என்பதும் தவறு. 'உள்ளாட்சி நடத்தினால் தோற்கும்' என்பதும் தவறு. நாள்தோறும் பேணும் பொறுப்பு தெளிவாக இருந்த இடத்தில் முயற்சி நிலைத்தது.

ஊராட்சியின் பங்கு

நம் அரசியல் சட்டப்படி தொலைத்தொடர்பு மத்திய அரசின் துறை. 1992-இன் 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கென வகுத்த 29 பொருள்களில் அது இல்லை. எனவே கம்மாபுரம் ஊராட்சி தானே இணைய நிறுவனம் தொடங்க முடியாது, தொடங்கவும் வேண்டாம். ஆனால் அந்த 29 பொருள்களில் பள்ளிக் கல்வி உண்டு, நூலகம் உண்டு, நலவாழ்வு உண்டு, வேளாண்மையும் உண்டு. இவையெல்லாம் இன்று இணையத்தைச் சார்ந்தே நடக்கின்றன. இணையம் ஊராட்சியின் துறையன்று. இணையம் இன்றி நடவாத பணிகள் ஊராட்சியின் துறை.

நம் முன்னோர் இதற்கொரு வழி வைத்திருந்தனர். ஏரி அரசனுடையதாயினும் வாய்க்கால் தூர்வாருவது ஊராருடைய கடமை. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மடையைத் திறந்து அடைத்து முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச நீர்க்கட்டி என்றொருவர் இருந்தார். அவருக்குக் கூலியும் உண்டு. பிழை செய்தால் கேள்வியும் உண்டு. ஒளியிழைக்கும் இத்தகைய ஏற்பாடு தேவை.

முதலில், இழையைப் பேணும் ஆள் ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். கேபிள் தொலைக்காட்சி இணைப்பு நடத்துபவர் நம் ஊர்களில் ஏற்கெனவே கம்பி இழுத்து, பழுது பார்த்து, மாதக் கட்டணம் வாங்கி வருகிறார். கேரளத்தில் 2023 ஜூனில் தொடங்கப்பட்ட 'கேஃபோன்' இணையமும் வீட்டு இணைப்புகளுக்கு இத்தகைய உள்ளூர் நடத்துநர்களைப் பயன்படுத்திக்கொண்டது. அவரிடமோ, மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ எழுத்து மூலமான உடன்படிக்கையுடன் இவ்வேலையை விடலாம். எத்தனை மணி நேரத்துக்குள் பழுது நீக்க வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையில் இருக்க வேண்டும்.

அடுத்து, பெட்டி பூட்டிய அலுவலகத்தில் இருந்தால் போதாது. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுப்பப்பட்டது. அங்கும் பள்ளியிலும் இணைப்பு இருந்தால் மாணவிக்கு மாலையில் ஓர் இடம் கிடைக்கும்.

மின்வெட்டுக்கும் வழி காண வேண்டும். முனைக் கருவி பத்து வாட் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், 12 மணி நேரத்துக்கு 120 வாட்-மணி ஆற்றல் போதும். சிறு காரில் உள்ள மின்கலம் ஒன்றிலேயே இதைப்போல் மூன்று மடங்கு ஆற்றல் இருக்கும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மின்கலத்தைக் கவனித்துக்கொள்ள ஒருவர்தாம் தேவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழாயும் தெருவிளக்கும் தார்ச்சாலையும் எந்தத் தெருவுக்கு முதலில் வந்தன, எந்தத் தெருவுக்குக் கடைசியில் வந்தன என்பதை ஒவ்வோர் ஊரும் அறியும். இணையமும் ஊர்த்தெருவோடு நின்று, காலனிக்கு 'அடுத்த கட்டத்தில்' என்று ஆகிவிடக் கூடாது. ஊராட்சியின் கையில் கொடுப்பதை ஐயத்துடன் நோக்குபவர்கள் இதனைச் சுட்டிக்காட்டுவதில் நியாயம் உண்டு. எந்தெந்தத் தெருவுக்கு எப்பொழுது இணைப்பு என்ற பட்டியலைக் கிராம சபையில் படித்து ஒப்புதல் பெறுவதே இதற்கு மருந்து.

செலவுக்கு என்ன வழி? தெருவிளக்கு, குடிநீர் ஆகியவற்றின் மின்கட்டணமே பல ஊராட்சிகளுக்குப் பெருஞ்சுமை. ஆகவே கம்பி இடும் செலவை ஊராட்சியின் தலையில் கட்டுவது தகாது. அது மத்திய, மாநில அரசுகளின் கடமை. பேணும் செலவை வீட்டு இணைப்புக் கட்டணத்தின் ஒரு பங்கிலிருந்தும், பள்ளி, சுகாதார நிலையம் போன்ற அரசு இடங்களுக்கு அந்தந்தத் துறை தரும் கட்டணத்திலிருந்தும் ஈடுசெய்யலாம். எல்லாவற்றையும் இலவசமாக்கினால் பழுது பார்க்கும் ஆளுக்குக் கூலி இராது. எல்லாவற்றுக்கும் கட்டணம் வைத்தால் நாம் முதலில் நினைத்த மாணவிக்கு இடம் இராது. நூலகத்திலும் பள்ளியிலும் இலவசம், வீட்டில் கட்டணம் என்பதே நடுவழி.

கேட்க வேண்டிய கேள்வி

கடலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. உடனே தேர்தல் நடத்தப்படாமல் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. உள்ளாட்சி இணையத்தைப் பற்றிப் பேசும்போது இதனையும் நினைவில் கொள்ள வேண்டும். கேள்வி கேட்கப்படும் இடத்தில் மக்கள் தேர்ந்த ஒருவர் இல்லையென்றால் கம்பியும் பெட்டியும் மட்டுமே மிஞ்சும்.

ஆனாலும் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த சபைக்கு வாசகர்கள், குறிப்பாக மாணவர்கள், தவறாமல் செல்ல வேண்டும். சென்று மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நம் ஊராட்சிக்கு ஒளியிழை வந்துவிட்டதா? பெட்டி இன்று ஓடுகிறதா? ஓடாவிட்டால் அதற்குப் பொறுப்பானவர் யார்?

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை தாளில் இருக்கும். மூன்றாம் கேள்விக்கு ஓர் ஆளின் பெயரையே விடையாகப் பெற்று, தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெயர் எழுதப்படும் நாளில்தான் இணையம் நம் ஊருக்கு வந்ததாகக் கொள்ளலாம்.